கழுதையா ஆளா தெரியலையே

ஜனவரி 8

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்னறையில், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. புளியங்குடியில் அப்பா ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறார். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடைத் திருவிழா, சாவு வீடு எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டிகள்தான் போய் வருகின்றன. கடைக்கு எங்கள் அம்மன் பெயர், முப்பிடாதி ரேடியோஸ். என் பெயரும் முப்பிடாதி. கடைதான் மூத்தது.

அம்மா பார்த்தால் தொலைந்தேன். "பொம்பளப்பிள்ள ராத்திரி உக்காந்து எழுதுதான்னா, எவனுக்கோ எழுதுதான்னு அர்த்தம்" என்று பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி ஒருமுறை சொன்னாள். நான் எவனுக்கும் எழுதவில்லை. பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இந்த வருட ஆண்டு விழாவில் எங்கள் பதினோராம் வகுப்பு 'பொன்னாத்தா' பாட்டுக்கு ஆடுகிறது. ஊரில் அந்தப் பாட்டு ஒலிக்காத விசேஷம் கிடையாது. கதாநாயகி கண்ணாடி போட்டுக்கொண்டு நெஞ்சோடு புத்தகங்களை அணைத்து வருவாள். கதாநாயகன் வழியை மறித்துப் பாடுவான்:

புத்தக மூட்ட பொன்னாத்தா
புட்டிக் கண்ணாடி ஏனாத்தா
கழட்டி வீசு ஒருக்காத்தான்
கவுந்து போறேன் பாத்தாத்தான்

கடைசி வரியில் அவனே கண்ணாடியைக் கழற்றி வீசிவிடுவான். காற்று அடிக்கும். சடை தானாக அவிழும். அவள் அழகி என்று அவனுக்கும் தெரிந்துவிடும், அவளுக்கும் தெரிந்துவிடும். உடனே காதல்.

வள்ளிமயில் டீச்சர், "பொன்னாத்தாவா யாரு?" என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது. வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் நான்தான். "மேக்கப் செலவு மிச்சம் டீச்சர்" என்றது பின் பெஞ்ச்.

கண்ணாடியைக் கழற்றப் போகிறவன் ஜெபின்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. டீச்சர் கேட்டால் எப்படி மறுப்பது?

ஜனவரி 9

ஜெபின் இன்று புதுச் சட்டை போட்டிருந்தான். அதே நீலச் சீருடைதான். ஆனால் புதியது. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 12

ரகுமத் நிஷா வீட்டுக்கு வந்தாள். எனக்கு இருக்கிற ஒரே தோழி. கொடைக்குப் போக வேண்டிய பாட்டுகளைப் பென்டிரைவில் பிரித்துப் போடும் வேலையை அப்பா என்னிடம் விட்டிருந்தார். சாமிப் பாட்டு, குத்துப் பாட்டு, காதல் பாட்டு என்று தனித்தனியாகப் போட வேண்டும். அதைச் செய்துகொண்டே, பாட்டுகளில் படிப்ஸ் எல்லாம் என்ன ஆகிறார்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.

அரியர் வைத்தவன் டீக்கடையில் உட்கார்ந்து காதலிக்கிறான். அவனுக்குத்தான் பெண் கிடைக்கிறாள். முதல் மதிப்பெண் எடுத்தவன் அமெரிக்க மாப்பிள்ளையாகக் கோட்டுப் போட்டு வந்து, கடைசியில் தனியாக விமானம் ஏறிப் போகிறான். இல்லையென்றால் எண்ணெய் வழியும் தலையோடு நண்பனாக வந்து பூங்கொத்தைத் தவறான பெண்ணிடம் நீட்டுகிறான். படிக்கிற பெண் என்றால் புத்தகங்களைக் கீழே போட வேண்டும். பாட்டில் வரும் புத்தகங்கள் எல்லாம் கீழே விழுவதற்கென்றே அச்சடித்தவை. ஒரு பாட்டிலாவது ஒருத்தி ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததாக இல்லை.

"ஏட்டி, நீ பாட்டு கேக்கியா, போஸ்ட்மார்ட்டம் பண்ணுதியா?" என்றாள் ரகுமத்.

"உண்மையத்தான சொல்லுதேன்."

"சரி, இவ்வளவு விவரம் தெரிஞ்சவ எதுக்குப் பொன்னாத்தாவா ஆட ஒத்துக்கிட்ட?"

"டீச்சர் சொன்னாங்க."

"ம். டீச்சர் சொன்னாங்க." அதை அவள் ஒரு ராகமாக இழுத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பிடாதி என்ற பேரில் ஒரு காதல் பாட்டு இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தோம். இல்லை.

ஜனவரி 14

பொங்கல். அம்மா கோலத்தோடு சேர்த்து என்னைப் போட்டோ எடுத்தாள். வழக்கம்போல, "கண்ணாடியக் கழத்து" என்றாள். எங்கள் வீட்டுப் போட்டோ எதிலும் நான் கண்ணாடியோடு இல்லை. எல்லாவற்றிலும் கண்ணை இடுக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்ட திசை தெரியாதவள் மாதிரி நிற்கிறேன். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். எனக்குப் பதினாறு வயது.

ஆண்டு விழா நடனத்தில் கண்ணாடியைக் கழற்றுவது பற்றிச் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. அன்னைக்காவது உன் முகத்த ஊர் பாக்கட்டும்" என்றாள்.

பாட்டு எழுதியவரும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஜனவரி 21

ஒத்திகை தொடங்கிவிட்டது. புத்தகத்தோடு நடந்து வருவது மட்டும்தான் இன்றைக்கு. "நடைய மாத்தாத, நீ எப்பவும் நடக்குற மாதிரியே நட, அதுதான் காமெடி" என்றார்கள். என் நடை காமெடி என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஜெபின் நன்றாக ஆடுகிறான். எல்லாரும் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

ஜனவரி 22

இன்று கண்ணாடி.

நேற்றிரவு இந்த இடத்தை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். அதை இங்கே எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், இனிமேல் மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. அவன் கழற்றுவான். நான் மெல்ல நிமிர்ந்து பார்ப்பேன். அவன் கொஞ்சம் திகைத்துப் போவான். அதற்குப் பிறகு என்ன என்பதைப் பாட்டே பார்த்துக்கொள்ளும்.

அவன் கழற்றினான். உலகம் போய்விட்டது.

கண்ணாடி இல்லாமல் எனக்கு என் உள்ளங்கை ரேகை வரைதான் தெரியும். அதற்கு அப்பால் எல்லாமே ஈரச் சுவரில் கரைந்த சாயம். ஜெபின் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை இருந்தது. அதற்கு முகம் இல்லை. எனக்குள் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு முழுக்க அந்த முகத்துக்காக. அது வர வேண்டிய இடத்தில் எனக்கு அது தெரியவில்லை.

"சிரி, முப்பிடாதி. அவனப் பாத்துச் சிரி" என்றார் டீச்சர்.

நீலமாகத் தெரிந்ததைப் பார்த்துச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். ஜெபின் எப்போதோ இடப்பக்கம் நகர்ந்துவிட்டானாம். நான் சிரித்தது மூலையில் இருந்த நீலத் தண்ணீர் டிரம்மைப் பார்த்து.

"டிரம்முக்கு வாழ்வுதான்ல" என்றான் ஒருவன்.

ஜெபினும் சிரித்தானா என்று தெரியவில்லை. பார்க்க முடியவில்லையே.

ஜனவரி 23

வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை.

ஜனவரி 24

போனேன். கரும்பலகையில் ஒரு டிரம் வரைந்து மாலை போட்டிருந்தார்கள். கீழே 'முப்பிடாதி வெட்ஸ்' என்று எழுதியிருந்தது. ரகுமத் அழித்தாள். அழித்துக்கொண்டே, "ஏல, வரஞ்சது எவன்? டிரம்முக்கு மூடியே போடல, டிராயிங்ல பெயிலா?" என்றாள். நான் குனிந்து கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்தப் பாட்டில் கண்ணாடியைக் கழற்றுவது, அவன் அவளைப் பார்ப்பதற்காக. அவளுக்கு அவன் தெரிகிறானா என்று கேட்க அந்தப் பாட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஜனவரி 28

கண்ணாடி உடைந்துவிட்டது.

பாட்டில் 'கழட்டி வீசு' என்று வருவதால், வீசினால்தான் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். ஜெபின் வீசுவான், ஓரத்தில் நிற்கும் பையன் பிடிப்பான். நாலு தடவை பிடித்தான். ஐந்தாவது தடவை அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து தரையைத் தடவினேன். ரகுமத் ஓடி வந்து என் கையில் எடுத்து வைத்தாள். இடக்கண் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு.

"சாரி" என்றான் ஜெபின். பிறகு, "ஸ்டெப் அப்படித்தான்" என்றான்.

இந்தப் பவருக்குத் திருநெல்வேலியில் சொல்லி வைத்து, அங்கிருந்து வர வேண்டும். இரண்டு வாரம் ஆகுமாம்.

அப்பா கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒயருக்குச் சுற்றும் டேப்பைக் கொஞ்சமாகக் கிழித்து ஓரத்தில் ஒட்டினார். "யாரு போட்டா?" என்றார்.

"நான்தான். கை தவறிருச்சு."

ஸ்பீக்கரில் எந்த ஒயர் விட்டிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

ஏன் பொய் சொன்னேன்? யாரைக் காப்பாற்ற? இந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுதப் போவதில்லை.

ஜனவரி 30

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அப்பா செட்டுதான வருது? பாட்ட நாலு நிமிசமா வெட்டி பென்டிரைவ்ல கொண்டா. நீதான் வீட்டுல செய்வியாமே."

அந்தப் பாட்டு இப்போது என் கையில். கம்ப்யூட்டரில் அதன் அலைகள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. கண்ணாடி போகும் இடத்தை இரண்டு சொடுக்கில் எடுத்துவிடலாம். விழா அன்று அந்த இடம் வராமலே பாட்டு முடிந்துபோகும். ஆடுகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மணி பார்க்காமல் வெட்டினேன். போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது.

ஜனவரி 31

நேற்று வெட்டியதை அழித்துவிட்டேன்.

காலையில் அப்பா கல்யாண வீட்டுக்குக் கிளம்பினார். எப்போதும்போலச் சட்டைப் பையில் சிவப்புப் பென்டிரைவ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், வண்டியில் ஏறிய பிறகு இன்னொரு முறை. சிவப்பு நல்ல காரியத்துக்கு, கறுப்பு சாவு வீட்டுக்கு. அப்பா இப்படிப் பிரித்து வைத்தது ஒரு வருடத்துக்கு முன்னால்தான். அன்றைக்கு விடியும்வரை ஒரு சாவு வீட்டில் செட் போட்டுவிட்டு, தூங்காமல் அப்படியே ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். தாலி கட்டும் நேரம் மேளம் சரியாகக் கேட்கவில்லை, ஒரு பாட்டைப் போடுங்கள் என்று கத்தினார்கள். அப்பா பொத்தானை அழுத்தினார். 'போய்வா ராசா, தூக்கிவிட்டோம் பாடையிலே' என்று ஊருக்கே கேட்டது. பெண்ணின் தாய்மாமன் மேடையிலிருந்து இறங்கி வந்து அப்பாவை அறைந்தார். நான் பக்கத்தில்தான் ஒயர் சுற்றிக்கொண்டு நின்றேன்.

பாட்டு மாறினால் அடி வாங்குவது பாட்டு இல்லை. ரேடியோ செட்டுக்காரர். விழா அன்று பாட்டு பாதியில் நின்றால் ஊர் முழுக்கத் திரும்பிப் பார்ப்பது அப்பாவைத்தான்.

மறைந்திருந்து செய்யும் வழி எனக்கு இல்லை.

பிப்ரவரி 2

பாத்திரம் தேய்க்கும்போது நாலு வரி வந்தது. அதே மெட்டில் வந்தது. சோப்புக் கையோடு ஓடி வந்து மேசைக்காலண்டரின் பின்பக்கம் கிறுக்கி வைத்தேன்:

கண்ணாடி இருக்கு மூக்குலதான்
காட்சி இருக்கு அதுக்குள்ளதான்
கழட்டச் சொன்ன மாப்பிள்ளையே
கழுதையா ஆளா தெரியலையே

பிப்ரவரி 3

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ரகுமத்துக்குப் பாடிக் காட்டினேன். கடைசி வரியில் அவளுக்குப் புரையேறிவிட்டது. சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இத மேடையில பாடு."

"செத்துருவேன்."

"பாடிட்டுச் சாவு. ஏட்டி, உனக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு என்கிட்டகூட ஏன் சொல்லல?"

எனக்கே தெரியாது என்றேன். அது உண்மை இல்லை. கடையில் யாரும் இல்லாதபோது மைக்கின் சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு அதில் பாடுவேன். அணைத்த மைக்கில்தான். ஆறாம் வகுப்பில் காலை வழிபாட்டில் செய்தி வாசித்தபோது மைக் கீ என்று கத்தி, பள்ளியே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதிலிருந்து, வேலை செய்கிற மைக்கைப் பார்த்தாலே என் கை வியர்க்கும்.

பிப்ரவரி 5

டீச்சர் அறை வாசலில் நின்று திரும்பி வந்தேன். மறுபடி போய் மறுபடி திரும்பினேன். மூன்றாம் முறை ரகுமத் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

டீச்சர் நாலு வரியையும் வாசித்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "பாட்டு முடியுற இடத்துல நீயே பாடுதியா?" என்றார்.

"கண்ணாடி கழத்துன பிறகு தாளம் மட்டும் ஓடுற மாதிரி வெட்டிருக்கேன் டீச்சர். அந்த இடத்துல பாடுவேன். கண்ணாடிய வீச வேண்டாம், அவன் கையில வச்சுக்கிட்டா போதும்."

"எனக்குச் சம்மதம். ஆனா ஊருக்கு முன்னால கழுதைன்னு கேக்கப்போறது அவன. அவன் ஒத்துக்கணும். நீயே போய்க் கேளு."

இதை நான் யோசித்திருக்கவில்லை. வரி எழுதும்போது அது பாட்டில் வருகிறவனைப் பற்றியதாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6

கேட்கவில்லை.

பிப்ரவரி 7

கேட்கவில்லை. அவன் ஒருமுறை என்னைத் தாண்டிப் போகும்போது, "கண்ணாடி வந்துருச்சா?" என்றான். "இன்னும் இல்ல" என்றேன். இந்த இரண்டு வார்த்தையை வீடு வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இப்படிப்பட்டவள் எப்படிப் போய் அதைக் கேட்பாள்?

கேட்காமலே விட்டால் அவன் என்னோடு இனியும் இப்படி ஒரு வார்த்தை பேசுவான். மேடையில் கழற்றுவான், நான் எங்கேயோ பார்த்துச் சிரிப்பேன், ஊர் சிரிக்கும். அவ்வளவுதானே?

பிப்ரவரி 10

கேட்டுவிட்டேன்.

காகிதத்தை நீட்டினேன். அவன் வாய்க்குள் மெட்டோடு படித்துப் பார்த்தான். நாலாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

"என்னையக் கழுதைங்கியா?"

"தெரியலைன்னுதான் சொல்லுதேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல ஜெபின். அன்னைக்கு நீ கழத்துனதும் எனக்கு ஒண்ணுமே தெரியல. உன் முகம் எனக்குத் தெரியல. நீன்னு நெனச்சுத்தான் டிரம்மப் பாத்துச் சிரிச்சேன்." வாய் தானாகப் பேசியது. இவ்வளவையும் சொல்ல நினைக்கவில்லை.

அவன் காதுகள் சிவந்தன. கோபமா என்னவென்று தெரியவில்லை. உடைந்த கண்ணாடி வழியாக எல்லாருக்கும் இரண்டு முகம்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றான். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 11

ஜெபின் ஒத்திகைக்கு வரவில்லை. எனக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12

இன்றும் வரவில்லை. ஆட்டத்தையே நான் கெடுத்துவிட்டேன் என்று இரண்டு பெண்கள் என் காது கேட்கப் பேசினார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

வந்தான். "நீ பாடு" என்றான்.

"நெசமாவா?"

"பாடுன்னு சொல்லிட்டேன்லா. அந்த நேரத்துல நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. இறங்கிப் போனாலும் போயிருவேன். பாத்துக்க."

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. தெருவிளக்கில் மோதும் பூச்சிகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன.

சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் சொன்னேன். முழுதும் சொன்னேன், யார் வீசியது என்பதையும் சேர்த்து. தாளம் மட்டும் ஓடும்போது ஒரு மைக்கைத் திறந்துவிட வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்பார், வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"எந்த மைக்கு?" என்றார்.

"ஏதாவது ஒண்ணு."

பீரோவைத் திறந்து, துணி சுற்றிய பெட்டியை எடுத்தார். கச்சேரிக்கு மட்டும் எடுக்கிற மைக். அமைச்சர் பேச வந்த கூட்டத்துக்குக்கூட அதைக் கொடுத்ததில்லை. "வாயிலிருந்து நாலு விரக்கட தள்ளிப் பிடி. அன்னைக்கு மைக்கு கத்துனதுக்கு நீ காரணம் இல்ல. பள்ளிக்கூடத்துல ஸ்பீக்கர மைக்குக்கு நேரா மாட்டி வச்சது என் தப்பு" என்றார்.

ஆறாம் வகுப்பில் நடந்தது அப்பாவுக்குத் தெரியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பிப்ரவரி 15

வீடு வந்ததும் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் முறை வந்தபோது மைதானம் நிறைந்துவிட்டது. அம்மா மூன்றாம் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. அப்பா ஓரத்தில் மிக்சருக்கு முன்னால். நான் புத்தகங்களோடு நடந்து வந்தேன். என் நடையில்தான் வந்தேன். சிரித்தார்கள். பாட்டைக் கூட்டத்தில் பாதிப் பேர் சேர்ந்து பாடினார்கள். 'கவுந்து போறேன் பாத்தாத்தான்.' ஜெபின் கையை நீட்டிக் கண்ணாடியைக் கழற்றினான். விசில் பறந்தது.

உலகம் போனது. விளக்குகள் எல்லாம் ஊறிப்போன அப்பளங்களாகத் தொங்கின. பாட்டு நின்று தாளம் மட்டும் ஓடியது. ரகுமத் ஓரத்திலிருந்து மைக்கை என் கையில் திணித்தாள். அந்த நொடியில் என் பயம் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. எனக்கு யாரையும் தெரியவில்லையே, அப்படியானால் யாருக்காகப் பயப்படுவது என்று கேட்டது. எதிரே இருந்தது வெறும் இருட்டு. பின்னறையில் அணைத்த மைக்கில் பாடும்போது இருக்கிற அதே இருட்டு.

நாலு விரக்கடை. பாடினேன்.

கண்ணாடி இருக்கு மூக்குலதான். என் குரல் எங்கள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து வந்து என் மேலேயே மோதியது. காட்சி இருக்கு அதுக்குள்ளதான். மைதானம் அடங்கிவிட்டது. பாட்டில் இப்படி ஒரு இடம் இல்லையே என்று ஊருக்கே தெரியும். கழட்டச் சொன்ன மாப்பிள்ளையே. யாரோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

கழுதையா ஆளா தெரியலையே.

பிறகு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை எங்கள் பெட்டிகள்கூட எழுப்பியதில்லை. விசில், கைத்தட்டல், நாற்காலி இழுபடும் ஓசை. ஆனால் அது அடங்குவதற்குப் பதிலாக மேலே மேலே ஏறியது. எதற்காக இன்னும் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஜெபின் இறங்கிப் போய்விட்டான், அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கையை முன்னால் நீட்டினேன். ஒத்திகையில் இது இல்லை. காற்றில் நீட்டிக்கொண்டு நின்றேன். என் கையில் கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

போட்டுக்கொண்டேன். நானே போட்டுக்கொண்டேன். சத்தம் இன்னொரு மடங்கு ஏறியது.

முதலில் தெரிந்தது ஜெபின். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் காதுகளாக நிமிர்த்தி வைத்து, மேடை நடுவில் தாளம் தப்பாமல் பின்னங்காலால் உதைத்துக்கொண்டிருந்தான். கழுதையேதான். ஆனால் உதைக்காமல் ஊன்றியிருந்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை புருவத்தில் இறங்கியது. அவனுக்கும் பயம். வகுப்பில் எல்லாரையும்விட நன்றாக ஆடுகிறவனுக்கு, மேடை ஏறினாலே விசில் வாங்குகிறவனுக்கு, என்னைப் போலவே பயம். அதை நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்கும் தெரிந்தது. சிரித்தான். இந்த முறை நான் சரியான ஆளைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு மைதானம் தெரிந்தது. கடைசி வரிசை வரைக்கும், ஒவ்வொரு முகமாக. முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நாற்காலி மேலே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. டீச்சர் இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை.

"ஒன்ஸ் மோர்" என்றார்கள். அப்பா யாரையும் கேட்கவில்லை. தாளத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். இரண்டாம் முறை கண்ணாடியோடு பாடினேன். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பாடினேன். நாலாவது வரியை மைதானம் பாடியது, எனக்கு வேலையே இல்லை.

மைக் ஒரு முறைகூடக் கத்தவில்லை.

கீழே இறங்கியதும் அம்மா வந்தாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. "மைக்கு பிடிச்சிருக்க இந்தக் கையோடயே நில்லு. ஒரு போட்டோ" என்றாள். பழக்கத்தில் என் கை கண்ணாடிக்குப் போனது.

"அது இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பிப்ரவரி 17

எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு செட் கேட்டு வந்தார். "அந்தக் கழுதைப் பாட்டு இருக்குல்லா? அதையும் போடணும்" என்றார். விழா அன்று மிக்சரில் பதிவு செய்து வைத்திருந்ததை அப்பா சிவப்புப் பென்டிரைவில் சேர்த்தார்.

வகுப்பில் யாரோ டிரம் படத்தை மறுபடி வரைந்து, அதற்கு ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். நன்றாக இருந்தது. ரகுமத்தை அழிக்க வேண்டாம் என்றேன்.

மதியம் சைக்கிள் நிறுத்தத்தில் ஜெபின் நின்றிருந்தான்.

"ஊரே என்னையப் பாத்துக் கத்துது. காலையில பால்காரர்கூடக் காதத் தூக்கிக் காட்டுதாரு."

"அத நீயாத்தான செஞ்ச? நான் சொல்லலையே."

"ஸ்டெப் அப்படித்தான்" என்றான். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவன் சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்: "இப்பத்தான் புதுக் கண்ணாடி வந்துருச்சே. கழுதையா, ஆளா? தெரியுதா?"

"ரெண்டு மூணு நாள் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பிப்ரவரி 20

இன்று முன்னறை மேசையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கடந்து போகும்போது, "என்ன எழுதுத?" என்றாள். "நாட்குறிப்பு" என்றேன். "சரி, கண்ணக் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாளாகப் பார்த்தாகிவிட்டது. ஆள்தான். ஆனால் அவனிடம் இதை இப்போதே சொல்வதாக இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.